பிரெயில் பெட்டிக்கு வைத்த பொட்டு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் வகுப்பு பாதியில் நின்றது, அடுத்த சனிக்கிழமை நடக்கவே இல்லை. காரணம் என் வாய். மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்தீன் என்னும் ஊரில். பிறந்தது புத்தூர், ஆந்திராவில் தமிழும் பேசுகிற எல்லைப் பக்கம். படித்ததும் முதலில் வேலை பார்த்ததும் திருப்பதி. பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கேயும் என் வேலை, இங்கேயும் என் வேலை. இந்த ஐப்பசியோடு இங்கே வந்து பத்தொன்பது வருஷம். இந்தக் கணக்கை வீட்டில் ஞாபகம் வைத்திருப்பது நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. இங்கே இருக்கும் மூன்று வாரத்தில் முதல் வாரம் முழுக்கத் தூங்குவார். எழுப்பினால் பாவமாக இருக்கும்.

பையன் லண்டனில். அவனுக்கு நான் வாய்ஸ் நோட் அனுப்புவேன். "அம்மா, உன் வாய்ஸ் நோட்டை போன் எழுத்தா மாத்திக் குடுக்கும். ஆனா உன் தமிழ் அதுக்குப் புரியல. நீயே டைப் பண்ணிடேன்" என்றான் ஒரு நாள். காது கேட்காத பிள்ளைகளுக்காக உண்டாக்கிய வசதி அது. நான்தான் அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். காது நன்றாகக் கேட்கிற என் மகன், அம்மா குரலைக் கேட்காமல் இருக்க அதை வைத்திருக்கிறான். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் அழுதேன், அது வேறு விஷயம்.

ஆக, வாரத்தில் எனக்கென்று இருப்பது சனிக்கிழமை. இங்கே பகல் பன்னிரண்டரை, சித்தூரில் மாலை ஐந்து. சமையலறை மேசையைத் துடைத்து, லேப்டாப்பை விரித்து, கம்பளிக் கால்சட்டைக்கு மேல் ஒரு நல்ல புடவையைச் சுற்றிக்கொண்டு உட்காருவேன். அந்தப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் பதினெட்டுப் பேர், நாளைய ஆசிரியர்கள். புரட்டாசி சனிக்கிழமையானால் பாதிப் பேர் நெற்றியில் நாமத்தோடும் வயிற்றில் பசியோடும் இருப்பார்கள். "குட் ஈவ்னிங் மேடம்" என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். அந்த ராகத்துக்காகவே நான் வெள்ளிக்கிழமையைத் தள்ளுவேன்.

2

இந்த வகுப்பு ஆரம்பித்தது போன வருஷம். திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய பழக்கத்தில், பாகாலா வழியாகப் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறிச் சித்தூரில் இறங்கி, என்னோடு படித்தவள் பிரின்சிபாலாக இருக்கும் கல்லூரிக்குப் போனேன். "பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லு" என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விளக்கமெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மனப்பாடம்.

"கண்ணு தெரியாத பிள்ளை ஒண்ணு உங்க கிளாசுக்கு வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

நகரிப் பையன் லோகேஷ், வகுப்புத் தலைவன், படக்கென்று எழுந்தான். "ஃபர்ஸ்ட் பெஞ்சுல உக்கார வெப்பேன் மேடம்."

"எதுக்கு?"

"போர்டு நல்லா தெரியும்ல மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தது முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண். அவள்தான் மோகனா. குடிபாலாக்காரி, மாங்காய்த் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பெண், பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அவளை அந்த முதல் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்ததும் இவர்கள்தான். அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கழுவுவார்கள், பை தூக்குவார்கள், வாசலில் செருப்பைத் திருப்பி வைப்பார்கள். அவள் வேண்டாம் என்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

அன்றைக்குப் போனவள்தான், வாரா வாரம் ஆன்லைனில் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சம்பளமில்லை, சான்றிதழில்லை.

நான் முதலில் ஒழித்தது 'இது', 'அது' இரண்டையும்தான். லோகேஷ் போர்டில் கணக்குப் போட்டு, "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்பான். "எதயும் எதயும்டா?" என்பாள் மோகனா. போர்டில் எழுதுவதை வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு 'இது' சொன்னால் ஒரு பாட்டு பாட வேண்டும். லோகேஷுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் ஒரே மாதத்தில் தீர்ந்தது. அப்புறம் போன் எப்படிப் படித்துக் காட்டும், படத்துக்கு வார்த்தையில் விளக்கம் எழுதுவது எப்படி, காது மந்தமான பிள்ளைக்கு நாம் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது எப்படி என்று போனது பாடம்.

ஒரு தொல்லை. பத்தொன்பது வருஷத்தில் இந்த ஊர் மரியாதை என் நாக்கில் ஏறிவிட்டது. வீட்டுப்பாடம் கொடுக்கும்போது, "நேரம் கிடைச்சா, முடிஞ்சா, இதைக் கொஞ்சம் செஞ்சு பாத்தா நல்லா இருக்கும்" என்பேன். இங்கே அதற்குக் கட்டாயம் செய் என்று பொருள். அங்கே ஒருத்தரும் செய்யவில்லை. "முடியல மேடம்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

3

மோகனாவின் கதைக்கு வருகிறேன். பி.எட். படிப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். போன தடவை அவள் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போன் படிக்கும் குறிப்பைக் கேட்டபடியே பாடம் நடத்தினாள். போன் படிக்கிற வேகம் எனக்கே புரியாது, அவளுக்குப் புரியும். ஆனால் காதில் போன் பேசினால் வகுப்பு பேசுவது எப்படிக் கேட்கும்? கடைசி பெஞ்சில் பிள்ளைகள் கோலி உருட்டியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர் "வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். இன்னொரு தடவை அப்படி எழுதினால் ஒரு வருஷம் போச்சு. அவள் அப்பா இன்னொரு வருஷம் படிக்க விடுவாரா என்பது சந்தேகம். "நைனா ஏற்கெனவே, படிச்சது போதும்னு சொல்லிக்கினு கீறாரு மேடம்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது காதை விட்டுவிட்டு விரலால் படிக்கும் ஏற்பாடு. பிரெயில் டிஸ்ப்ளே என்று ஒன்று உண்டு. ஒரு முழம் நீளத்தில் ஒரு பெட்டி. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிமுனைகள். போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் எழுத்து, அந்த முனைகள் எழுந்தும் அமுங்கியும் புள்ளிகளாக விரலுக்கடியில் வரும். காது முழுசும் வகுப்புக்கு.

நான் வேலை பார்க்கும் இடத்தில் பழைய பெட்டி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்க நான் நிரப்பிய படிவங்களைக் கோத்தால் ஒரு மாலையாகும். வீசியெறியப் போகும் பொருளை இன்னொருத்திக்குக் கொடுப்பதென்றால் ஏழு பேர் கையெழுத்து. அங்கே போனால் கஸ்டம்ஸில், இது என்ன, வெடிக்குமா, விற்பனைக்கா என்று கேள்வி. ஒருவழியாகச் சித்தூர் சேர்ந்தது. பிரின்சிபால் என்ன செய்தாள்? பீரோவில் வைத்துப் பூட்டினாள். மோகனா வேண்டும்போதெல்லாம் தெலுங்கில் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். "விலை கூடின சாமான்மா, காணாமப் போனா யார் பதில் சொல்றது?" என்றாள் என் தோழி. நான் சண்டை போட்டேன். "சரேலெண்டி மேடம்", சரி விடுங்கள் என்று தெலுங்கில் என்னையே மேடமாக்கி மரியாதையாக வழியனுப்பினாள்.

ஆனாலும் மோகனா லெட்டர் எழுதி எழுதியே பழகிவிட்டாள். புரட்டாசி பிறந்தபோது இரண்டு கைகளையும் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, முகத்தை வகுப்பு பக்கம் திருப்பி, ஒரு முழுப் பாடம் நடத்தினாள். நான் இங்கே அடுப்பில் வைத்த சாதம் அடிபிடித்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

தசரா லீவு விடுவதற்கு முந்தின நாள் கல்லூரியில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், போன், சாக்பீஸ் டப்பா எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால். பிரெயில் பெட்டியும் பீரோவை விட்டு வந்து உட்கார்ந்தது. பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொட்டு வேலை செய்யக்கூடாது என்பது நம் வழக்கம். சாயங்காலம் பிரின்சிபால் அதைத் துடைக்காமல் அப்படியே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். பத்து நாள் லீவு.

லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. மோகனாவின் பாடத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். லோகேஷ் பெட்டியைத் திரைக்குக் காட்டினான். "மேடம், புள்ளி எழல."

பார்த்தேன். அந்த ஊசிமுனை வரிசையின் மேலேயே மூன்று இடத்தில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். அதற்கு மேல் குங்குமம். பத்து நாளில் காய்ந்து, முனைகளுக்கிடையே இறங்கி, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது.

எனக்கு இந்த ஊர் மரியாதையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. புத்தூர் பஸ் ஸ்டாண்டு வாயில் வந்துவிட்டது.

"ஏன்டா டேய், படிச்சவங்கதானே நீங்கோ? வாத்தியாராகப் போறவங்கதானே? உங்க வூட்ல யாராவது கண்ணுக்குள்ள குங்குமம் வெப்பாங்களா? நெத்தி எது கண்ணு எதுன்னு தெரியாதா? அது அந்தப் பொண்ணுக்குக் கண்ணுடா! அவ பொருளத் தொடறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்த கேட்டீங்களா? லோகேஷ், நீ வெச்சியா?"

"இல்ல மேடம்."

"பின்ன யாரு? பின்னாடி ஒளிஞ்சிக்கினு கீறியே, நீயா?"

பதினேழு பேரையும் பெயர் சொல்லிக் கேட்டேன். பதினேழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு "இல்ல மேடம்" என்றார்கள். ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. என் கோபம் இன்னும் ஏறியது. நடுவில் மோகனா, "மேடம், ஒரு நிமிசம்..." என்று வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரும்மா. உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுபடி லோகேஷைப் பிடித்தேன். ஒரு மணி நேர வகுப்பு பத்து நிமிஷத்தில் முடிந்தது. அணைத்தது நானா அவர்களா என்று ஞாபகமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரின்சிபாலிடமிருந்து தெலுங்கில் இரண்டு வரிச் செய்தி. பரீட்சை வேலை இருப்பதால் வகுப்பைத் தற்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்று.

5

வகுப்பில்லாத அந்தச் சனிக்கிழமை பழக்க தோஷத்தில் புடவை கட்டிவிட்டேன். பன்னிரண்டரைக்குக் கட்டிய புடவையோடு சமையலறையில் நின்றேன். அப்புறம் அதே புடவையோடு பாத்திரம் கழுவினேன். அந்த வாரக் கடைசியில்தான் இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். இருக்கிற நேரத்தையே என்ன செய்வதென்று தெரியாதவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இனாம்.

பெட்டியைப் பழுது பார்க்கும் இடத்துக்கு போன் போட்டேன். "உள்ளே போனது என்ன பொருள்?" என்று கேட்டார் ஒரு இளைஞர். சந்தனத்தை மரம் என்றேன், குங்குமத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் என்றேன். "ஓ, எவ்வளவு அருமை" என்றார். பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், எட்டு வாரம் ஆகும் என்றார். மோகனாவுக்கு எட்டு நாள்கூட இல்லை. அவளுக்கு நானே போன் செய்திருக்கலாம். என்ன முகத்தோடு செய்வது? உனக்காகத்தான் சண்டை போட்டேன் என்று சொல்லவா? சண்டை போட்டதில் அவளுடைய வகுப்புத் தோழர்களையும் சேர்த்து விரோதித்துக்கொண்டதுதான் மிச்சம்.

உண்மையைச் சொல்லட்டுமா? திருப்பதியில் வேலை பார்த்தபோது, பிரெயில் அடிக்கும் மெஷினுக்கு வருஷா வருஷம் நானேதான் பொட்டு வைத்தேன். மூடி மேல் வைத்தேன், விரல் வைக்கும் விசை மேல் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பொருளுக்குப் பொட்டு வைக்கிற பிள்ளைகளை, பொருளை மதிக்கத் தெரியாதவர்கள் என்று திட்டியிருக்கிறேன். மதித்ததால் வந்த வினை அது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் நடக்கும்போது இது உறைத்தது. எதிரே நாயோடு வந்த அம்மாள், "நல்ல நாள், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். வேலை விஷயத்தை விட்டால், ஒரு வாரத்தில் மனுஷர்களோடு நான் பேசிய நீளமான பேச்சு அது.

6

பாடம் வியாழக்கிழமை. அன்று காலை எட்டு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. மோகனா. அங்கே மதியம் ஒன்றரை.

"முடிஞ்சிது மேடம்" என்றாள்.

"எப்படி?"

"கல்யாணப் பத்திரிக அட்டைல எழுதிக்கினேன் மேடம். நல்ல கெட்டி அட்ட. பிரெயில் எழுதற சட்டத்துல வெச்சி ஊசியால புள்ளி புள்ளியா குத்தி, மொத்தப் பாடத்தையும் எழுதிட்டேன். அட்ட வேணும்னு கேட்டேன், நம்ம பசங்க சித்தூர் பூரா அலைஞ்சி கொண்டாந்தாங்க. லோகேஷ் பெட்டியத் தூக்கிக்கினு திருப்பதி வரிக்கும் போனான். கடக்காரரு 'இது தேவுடுக்கே தெலியாலி'ன்னு சாமி மேல பாரத்தப் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"கிளாஸ் எப்படிப் போச்சு?"

"கடசி பெஞ்சுல ரெண்டு பேரு பேசிக்கினு இருந்தாங்க. காது ஃப்ரீயா இருந்திச்சா, குரல் யாருதுன்னு தெரிஞ்சிப் போச்சி. பேரு சொல்லித் திட்டினேன் மேடம். எழுந்து நிக்க வெச்சேன். கிளாசே கப்சிப். அதுக்கப்பறம்தான் அதுங்க என்ன 'டீச்சர்'னு கூப்ட்டாங்க. அதுவரிக்கும் 'அக்கா'ன்னு பாவமா கூப்ட்டுக்கினு இருந்தாங்க. பாக்க வந்தவரு ரிஜல்ட்டு சொல்லல. ஆனா லோகேஷ் எட்டிப் பாத்துட்டான், இந்தவாட்டி கிளாஸ் கண்ட்ரோலுக்கு நல்ல மார்க்காம்."

"சபாஷ்!" என்றேன்.

"அதுக்கு மட்டும் போன் பண்ணல மேடம்" என்றாள். குரல் மாறியிருந்தது. "அந்தப் பொட்டு நான் வெச்சது."

"என்னது?"

"நான்தான் வெச்சேன். பூஜைல எல்லாரும் அவங்கவங்க சாமானுக்கு வெச்சாங்க. உன்னுதுக்கு நாங்க வெக்கிறோம்னாங்க. வேணாம், என்னுதுக்கு நானே வெப்பேன்னு சொன்னேன். எங்க வெக்கிறதுன்னு தடவிப் பாத்தேன். மேல எல்லாம் வழவழன்னு ஒரே மாதிரி இருந்திச்சி. புள்ளி இருக்கிற எடம்தான் மொகம்னு நெனச்சி வெச்சேன். தப்பு என்னுதுதான்."

"அப்ப அவங்க ஏன் வாயத் தொறக்கல?"

"என்னக் காப்பாத்தறாங்களாம்! நான் கேட்டனா? அன்னிக்கே அவங்ககிட்ட சண்ட போட்டேன். சரி, அவங்களுக்காவது நீங்க இப்பதான் பாடம் எடுத்துக்கினு கீறீங்க. நீங்க பாடம் எடுக்கறவங்க. பதினேழு பேர நீ வெச்சியா நீ வெச்சியான்னு கேட்டீங்க. என்ன மட்டும் ஏன் மேடம் கேக்கல?"

முப்பது வருஷமாக இதைத்தானே தொழிலாக வைத்திருக்கிறேன். கண் தெரியாத பிள்ளையை முதலில் மற்றப் பிள்ளையைப் போல நடத்து என்று இரண்டு நாட்டிலும் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பதினெட்டுப் பேர் இருந்த அறையில் ஒருத்தியால் மட்டும் தப்புக்கூடச் செய்ய முடியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் சொல்ல வந்தபோது, சும்மா இரு என்றேன்.

"அப்பறம் மேடம், அது எனக்குக் கண்ணு இல்ல. நோட்டு. நோட்டுல சந்தனம் கொட்டிட்டேன், அவ்ளோதான். நீங்க கண்ணு கண்ணுன்னு கத்தினதுல பொண்ணுங்க ரெண்டு பேரு அழுதுட்டாங்க."

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"அது வேணாம். என்னத் திட்டுங்க."

"எதுக்குடி இப்போ..."

"எல்லாரயும் திட்டினீங்கல்ல? வெச்சவ நான். திட்டுங்க."

"ஏம்மா மோகனா, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இது திட்டு இல்ல மேடம். லோகேஷத் திட்டினா மாதிரி."

சரி என்று தொண்டையைக் கனைத்தேன். "ஏண்டி, அறிவு கெட்டவளே! தெனம் விரல் வெச்சிப் படிக்கிற எடத்துல எவளாவது கொழகொழன்னு சந்தனத்த அப்புவாளா? ஏழு பேரு கால்ல விழுந்து வாங்கினு வந்தேன்டி அத! பூஜ பண்ணத் தெரிஞ்சவளுக்குத் தொடைக்கத் தெரியாதா? பிரின்சிபால்கிட்ட சாவியப் புடுங்கத் துப்பில்லியா? ஒரு வருசம் போயிருந்தா உங்க நைனாகிட்ட நானா வந்து நின்னிருப்பேன்?" எனக்கு அழுகையும் வந்தது, வாயும் நிற்கவில்லை. அபர்தீன் குளிரில், கோட்டும் பையுமாக, சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டாள். நான் நிறுத்தினேன்.

"முடிஞ்சிதா மேடம்?"

"முடிஞ்சிது."

"இப்ப நான் உங்களத் திட்டட்டுமா?"

இந்த ஊரில் பத்தொன்பது வருஷமாக என்னை யாரும் திட்டியதில்லை. பரவாயில்லை என்பார்கள், கவலை வேண்டாம் என்பார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு வழி விடுவார்கள்.

"திட்டு" என்றேன்.

பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஆரம்பித்தாள்.